ஒரு கோப்புறையைக் குறிப்பிட்ட ஐபி முகவரிகளுக்கு மட்டும் திறந்துவைப்பது எப்படி?

அலுவலக வலைத்தளத்தில் உள்ள ‘ரிப்போர்ட்ஸ்’ என்ற கோப்புறை அலுவலக இணைப்பிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் திறக்க வேண்டும், மற்ற எல்லோருக்கும் மறுக்கப்பட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தளம் வெளியே ஒரு வாடகைச் சேவையகத்தில் அப்பாச்சி என்ற வலைச் சேவையக மென்பொருளில் இயங்குகிறது என்றும், அந்தக் கோப்புறைக்குள் .எச்டிஅக்சஸ் என்ற, கோப்புறைக்குரிய அமைப்புக் கோப்பு ஒன்றை இட்டு, உங்கள் கணினியின் முகவரியாகிய 192.168.1.5-ஐ அனுமதித்து மற்றவற்றை மறுத்ததும் உங்களுக்கே 403 பிழை (அனுமதி மறுப்பு) வந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தப் பிழையின் காரணத்தைச் சொல்லிவிட்டு, பிறகு முழுமையாக விளக்குகிறேன். கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் தருகிறேன். அமைப்புக் கோப்பில் அவற்றை அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளில்தான் இட வேண்டும்.

நீங்கள் அனுமதித்த 192.168.1.5 என்பது உங்கள் அலுவலகச் சுவர்களுக்குள் மட்டுமே செல்லுபடியாகும் முகவரி. 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 ஆகிய மூன்று தொகுதிகளும் தனியார் வலையமைப்புகளுக்கென்று 1996-இலேயே ஒதுக்கி வைக்கப்பட்டவை. இணையத்தில் அவற்றுக்கு வழி கிடையாது. உலகில் எத்தனையோ கணினிகள் இதே 192.168.1.5-ஐ வைத்திருக்கும். உங்கள் உலாவி அனுப்பும் கோரிக்கை அலுவலக ரவுட்டரைக் கடக்கும்போது, அனுப்புநர் முகவரியாக ரவுட்டரின் பொது முகவரி எழுதப்பட்டுவிடுகிறது. வெளியே இருக்கும் சேவையகத்துக்குத் தெரிவது அந்தப் பொது முகவரி மட்டுமே. ஆகவே உங்கள் விதி சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. நீங்கள் சொன்ன முகவரியிலிருந்து யாருமே வராததால், எல்லோரையும் தடுத்தது.

இந்தப் பணியில் விதியை எழுதுவது இரண்டு வரி வேலை. சிக்கல் வருமிடங்கள் வேறு இரண்டு. வருபவரின் முகவரியாக அந்தச் சேவையகம் உண்மையில் எதைப் பார்க்கிறது என்பது ஒன்று. அந்தக் கோப்புறைக்குப் போகும் வழிகள் மொத்தம் எத்தனை என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் எழுதிய விதி, உங்களுக்கு நேர்ந்ததைப் போல எல்லோரையும் தடுக்கும், அல்லது எல்லோரையும் உள்ளே விடும். முதலாவது உடனே தெரிந்துவிடும் என்பதால் நல்லது. இரண்டாவது மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடக்கும்.

அனுப்புநர் முகவரியைப் பொய்யாக எழுதி அனுப்ப முடியாதா என்று பலர் கேட்பதுண்டு. ஒரு பொதியில் பொய் முகவரியை எழுதலாம்; ஆனால் வலைத்தொடர்புக்கு அடிப்படையான டிசிபி இணைப்பு தொடங்க மூன்று செய்திகள் பரிமாறப்பட வேண்டும், அவற்றில் இரண்டாவது அந்தப் பொய் முகவரிக்கே போய்ச் சேரும். பதில் கைக்கு வராதவரால் இணைப்பை முடிக்க இயலாது, இணைப்பு இல்லாமல் கோப்பைக் கேட்கவும் இயலாது. அந்த அளவுக்கு முகவரியை நம்பலாம். சேவையகத்தின் தீச்சுவரிலேயே இதைச் செய்யக்கூடாதா என்றால், தீச்சுவருக்கு முகவரியும் போர்ட்டும் தெரியும், கோப்புறை தெரியாது. எச்டிடிபிஎஸ்ஸில் எந்தப் பாதை கேட்கப்படுகிறது என்பது மறைகுறியாக்கத்துக்குள் இருப்பதால், அதைத் திறந்து படிக்கும் வலைச் சேவையகம்தான் கோப்புறை வாரியாக முடிவெடுக்க முடியும்.

சரியான முகவரியைக் கண்டறிய, ‘என் ஐபி என்ன’ என்று சொல்லும் தளங்களைவிட நம்பகமான இடம் உங்கள் சேவையகத்தின் அணுகல் பதிவுதான். அலுவலகக் கணினியிலிருந்து தளத்தில் இல்லாத ஒரு பக்கத்தை, எளிதில் தேடி எடுக்கக்கூடிய விசித்திரமான பெயரில் கேளுங்கள்; பதிவுக் கோப்பில் அந்தப் பெயரைத் தேடினால் வரும் வரியின் தொடக்கத்தில் இருப்பதுதான் சேவையகம் பார்க்கும் முகவரி. அது நிலையான முகவரியா என்பதை இணையச் சேவை தருபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல இணைப்புகளில் ரவுட்டரை அணைத்துப் போட்டாலே முகவரி மாறிவிடும். இன்னும் சில இணைப்புகளில் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். உங்கள் ரவுட்டரின் வெளிப்புற முகவரி 100.64.0.0/10 என்ற தொகுதிக்குள் இருந்தால் நீங்களும் அப்படிப்பட்ட இணைப்பில் இருக்கிறீர்கள், அந்தப் பொது முகவரியை அனுமதிப்பது முன்பின் தெரியாதவர்களையும் சேர்த்து அனுமதிப்பதாகும். அலுவலகத்துக்கென்று ஒரு தொகுதியே தரப்பட்டிருந்தால் அதைச் சாய்கோட்டு வடிவில் எழுத வேண்டும்; சாய்கோட்டுக்குப் பின் வரும் எண், முகவரியின் தொடக்கத்தில் மாறாமல் நிற்கும் பிட்டுகளின் எண்ணிக்கை, அது சிறிதாகச் சிறிதாகத் தொகுதி பெரிதாகும். எடுத்துக்காட்டாக 203.0.113.64/27 என்பது 64 முதல் 95 வரை 32 முகவரிகள். அதை /24 என்று எழுதினால் 256 முகவரிகள், அதாவது பக்கத்து நிறுவனங்களும் உள்ளே. கைதவறி 7 விடுபட்டு /2 என்று நின்றுவிட்டால் ஐபிவி4 முகவரிகளில் (இங்கே காணும் நான்கு எண் கொண்ட வகை) கால் பங்கு உள்ளே வந்துவிடும். அப்பாச்சி இதற்கு எந்த ஆட்சேபமும் சொல்லாது. நான் இங்கே பயன்படுத்தும் 203.0.113 தொடர், விளக்க நூல்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதை அப்படியே நகலெடுத்துவிட வேண்டாம்.

இனி விதி. அப்பாச்சி 2.4-இல், அதாவது 2012 முதல் வழக்கிலுள்ள முறையில், அந்தக் கோப்புறைக்கு ‘ரிக்வயர் ஐபி 203.0.113.64/27’ என்ற ஒரே வரி போதும். அனுமதிக்கப்பட்டவர்களை மட்டும் சொன்னாலே மற்றவர்கள் மறுக்கப்பட்டுவிடுவார்கள். தனியாக மறுப்பு வரி தேவையில்லை. இன்னொரு கிளை அலுவலகம் இருந்தால் இன்னொரு ‘ரிக்வயர் ஐபி’ வரியைச் சேர்க்கலாம், அல்லது அதே வரியில் இடைவெளி விட்டு எழுதலாம். பல ரிக்வயர் வரிகள் வெறுமனே அடுத்தடுத்து இருந்தால் அவற்றில் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும் என்பதே பொருள். ஒரு முகவரியை மட்டும் விலக்க ‘ரிக்வயர் நாட் ஐபி’ என்று எழுதலாம், ஆனால் அந்த எதிர்மறை வரி தனித்து நின்று யாரையும் அனுமதிக்காது. ‘ரிக்வயர்ஆல்’ தொகுதிக்குள், ஓர் அனுமதி வரியோடு சேர்ந்து அது இருக்க வேண்டும். இது எந்தக் கிளையின் முகவரி என்று நினைவுக்குறிப்பு எழுத விரும்பினால் தனி வரியில் எழுதுங்கள். கட்டளை வரியின் கடைசியில் குறிப்பு எழுதுவதை அப்பாச்சி ஏற்பதில்லை.

இணையத்தில் தேடினால் உங்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் பழைய 2.2 காலத்து முறையாக இருக்கும்: ‘ஆர்டர் டினை,அலவ்’, ‘டினை ஃப்ரம் ஆல்’, ‘அலவ் ஃப்ரம்’ என்று மூன்று வரிகள். இணக்கத்துக்கான ஒரு தொகுதிக்கூறு (மாட்யூல்) வழியாக 2.4-லும் இவை இயங்கும் என்பதுதான் தொல்லை. ஒரே தளத்தில் பழைய வரிகளும் புதிய ரிக்வயர் வரிகளும் கலந்திருந்தால், இரண்டில் எது வெல்லும் என்று கோப்பைப் படித்தே சொல்வது கடினம். பழைய முறையிலுள்ள ‘ஆர்டர்’ என்ற சொல்லே தவறான புரிதலுக்கு இடம் கொடுப்பது. வரிகள் எழுதப்பட்ட வரிசைக்கு அங்கே மதிப்பில்லை. ‘டினை,அலவ்’ என்றால் மறுப்புகள் முதலில், அனுமதிகள் பிறகு, எதிலும் பொருந்தாதவருக்கு அனுமதி. ‘அலவ்,டினை’ என்றால் எதிலும் பொருந்தாதவருக்கு மறுப்பு. காற்புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி விட்டுவிட்டால்கூட அமைப்புப் பிழையாகிவிடும். எனவே பழைய வரிகள் எங்காவது கண்ணில் பட்டால், அவற்றைத் திருத்திக்கொண்டிருக்காமல் எடுத்துவிட்டுப் புதிய முறையில் எழுதுவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

இந்த வரியை எங்கே எழுதுவது? முதன்மை அமைப்புக் கோப்பில் கை வைக்க உங்களுக்கு உரிமை இருந்தால், அங்கே ‘டைரக்டரி’ தொகுதிக்குள் எழுதுவதையே நான் பரிந்துரைப்பேன். பகிர்வுச் சேவையகத்தில் அந்த உரிமை இருக்காது, .எச்டிஅக்சஸ்தான் வழி. ஆனால் .எச்டிஅக்சஸ் கோப்பை மதிக்க வேண்டுமா என்பதை முதன்மை அமைப்பிலுள்ள ‘அலவ்ஓவர்ரைடு’ என்ற கட்டளை தீர்மானிக்கிறது. 2.4-இல் அதன் இயல்பு மதிப்பு ‘நன்’. அப்படி இருக்கும்போது நீங்கள் இட்ட கோப்பு வெறும் காகிதம். பிழைச் செய்தியும் வராது, தடையும் இருக்காது. ரிக்வயர் வரிக்கு ‘ஆத்கான்ஃபிக்’ என்ற வகையும், பழைய அலவ், டினை வரிகளுக்கு ‘லிமிட்’ என்ற வகையும் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். கோப்பு படிக்கப்பட்டு, வகை மட்டும் அனுமதிக்கப்படாதிருந்தால் 500 பிழை (சேவையகத்தின் உட்பிழை) வரும். கோப்பு படிக்கப்படுகிறதா என்று அறிய நான் எப்போதும் செய்வது இதுதான்: .எச்டிஅக்சஸ்ஸின் முதல் வரியில் பொருளற்ற ஒரு சொல்லை எழுதிச் சேமித்துவிட்டு அந்தக் கோப்புறையின் பக்கம் ஒன்றைத் திறந்து பார்ப்பேன். 500 பிழை வந்தால் சேவையகம் அதைப் படிக்கிறது. பக்கம் ஒழுங்காகத் திறந்தால், நாம் எழுதியது எதையும் அது பார்க்கவே இல்லை.

நகலெடுத்து ஒட்டப்படும் துணுக்குகளில் மேலும் இரண்டு ஓட்டைகளை அடிக்கடி காண்கிறேன். விதிகளை ‘லிமிட் கெட் போஸ்ட்’ என்ற தொகுதிக்குள் அடைத்து எழுதுவது ஒன்று. அப்படி எழுதினால் தடை கெட், போஸ்ட் என்ற கோரிக்கை முறைகளுக்கு மட்டுமே; வேறு முறையில் வரும் கோரிக்கைக்குத் தடையே இல்லை. அந்தத் தொகுதியை நீக்கிவிட்டு உள்ளிருக்கும் வரியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, பாதைகளை மாற்றியெழுதும் ரீரைட் விதிகளைக் கொண்டு முகவரியைச் சோதிப்பது. அங்கே முகவரி ஒரு சுருங்குறித்தொடராக (ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எழுத்து வடிவங்களைப் பொருத்திப் பார்க்கும் குறிமுறை) படிக்கப்படுவதால் புள்ளி என்பது ‘எந்த எழுத்தும்’ என்றாகிவிடும், முடிவுக்குறி இல்லையென்றால் தொடர்ச்சியும் பொருந்திவிடும். 203.0.113.5 என்று நீங்கள் அனுமதித்தது, 203.0.113.50 முதல் 59 வரையுள்ள பத்து முகவரிகளையும் சேர்த்தே அனுமதிக்கும். ரிக்வயர் வரி முகவரியை எண்ணாகவே ஒப்பிடுவதால் அதில் இந்த வம்பு இல்லை.

அப்பாச்சிக்குப் பதிலாக என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேவையக மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு .எச்டிஅக்சஸ் என்பதே கிடையாது. ‘லொகேஷன்’ தொகுதிக்குள் ‘அலவ் 203.0.113.64/27’ என்று ஒரு வரியும், அதன்பின் ‘டினை ஆல்’ என்று ஒரு வரியும், இரண்டிலும் இறுதியில் அரைப்புள்ளியோடு எழுத வேண்டும். இங்கே வரிசைக்கு மதிப்பு உண்டு. மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் பொருந்தியதோடு நின்றுவிடும். எளிமையாகத் தெரியும் இந்த முறையில் ஒளிந்திருக்கும் பள்ளம் வேறு. என்ஜின்எக்ஸ் ஒரு கோரிக்கைக்கு ஒரே ஒரு லொகேஷன் தொகுதியைத்தான் தேர்ந்தெடுக்கும், அந்தத் தேர்வில் சுருங்குறித்தொடரால் எழுதப்பட்டவை சாதாரண முன்னொட்டுத் தொகுதிகளை வென்றுவிடும். பிஎச்பி கோப்புகளுக்கென்று ‘.பிஎச்பி என முடியும் எதுவும்’ என்ற சுருங்குறித்தொடர்த் தொகுதி ஏறக்குறைய எல்லாத் தளங்களிலும் இருக்கும். விளைவைப் பாருங்கள்: ‘ரிப்போர்ட்ஸ்’ கோப்புறையிலுள்ள பிடிஎஃப்பைக் கேட்டால் 403 வரும், நீங்கள் திருப்தியோடு எழுந்து போவீர்கள். அதே கோப்புறையிலுள்ள பிஎச்பி நிரலைக் கேட்டால் அது வேறு தொகுதிக்குப் போய், தடை எதுவும் இல்லாமல் ஓடும். இதைத் தீர்க்க, முன்னொட்டுத் தொகுதியின் பாதைக்கு முன்னால் மேற்கூரைக் குறியும் அலைக்குறியும் சேர்த்து, பிஎச்பி தொகுதியை அதற்குள்ளேயே மீண்டும் ஒருமுறை எழுத வேண்டும். உள்தொகுதியில் தனி அனுமதி வரிகள் இல்லாதவரை வெளித்தொகுதியின் தடை அதற்கும் பொருந்தும். குறியை மட்டும் சேர்த்துவிட்டு உள்தொகுதியை மறந்தால், நிரல் இயங்குவதற்குப் பதிலாக அதன் மூலவரிகள், கடவுச்சொற்கள் உட்பட, உலாவிக்கு அனுப்பப்பட்டுவிடும். மேலும், ஒரு தொகுதியில் ‘ரிட்டர்ன்’ கட்டளை இருந்தால் அது அனுமதிச் சோதனைக்கு முந்தைய கட்டத்திலேயே பதிலை அனுப்பிவிடும். பக்கத்தில் ‘டினை ஆல்’ இருந்தும் பயனில்லை.

மைக்ரோசாஃப்டின் வலைச் சேவையகமான ஐஐஎஸ்ஸில் இதற்கான வசதி இயல்பாக நிறுவப்பட்டிருக்காது. சேவையகப் பங்குகளில் ‘ஐபி மற்றும் டொமைன் கட்டுப்பாடுகள்’ என்பதை முதலில் சேர்க்க வேண்டும். பிறகு கோப்புறையைத் தேர்ந்து, பட்டியலில் இல்லாதவர்களுக்கு மறுப்பு என்று மாற்றி, உங்கள் முகவரிகளைச் சேர்த்தால் முடிந்தது. பட்டியலில் இல்லாதவர்களுக்கு இயல்பாக அனுமதி என்றிருப்பதை மாற்ற மறந்துவிட்டு, முகவரிகளை மட்டும் சேர்த்துவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது மிக முக்கியமான பகுதி. உங்கள் தளத்துக்கு முன்னால் சிடிஎன் (பக்கங்களின் நகல்களைப் பல இடங்களில் வைத்துத் தரும் சேவை), சுமைப்பகிர்வி, ரிவர்ஸ் ப்ராக்ஸி என்று கோரிக்கைகளை வாங்கி உங்கள் சேவையகத்துக்கு அனுப்பும் இடையாள் ஏதாவது நின்றால், சேவையகத்துக்கு வரும் எல்லா இணைப்புகளும் அந்த இடையாளின் முகவரியிலிருந்தே வரும். இடையாள் அதே இயந்திரத்தில் இருந்தால் எல்லோரும் 127.0.0.1-இலிருந்து வருவதாகத் தெரியும். ‘ரிக்வயர் லோக்கல்’ என்றொரு வசதியான வரி அப்பாச்சியில் உண்டு, அந்த இயந்திரத்திலிருந்தே வருபவர்களை மட்டும் அனுமதிக்கும். முன்னால் ஒரு ப்ராக்ஸியை வைத்துவிட்டு இந்த வரியை நம்பினால், பூட்டு அப்படியே இருக்க உலகம் முழுதும் உள்ளே வரும். நான் பராமரித்த ஒரு தளத்தில் சேவையக நிலையைக் காட்டும் பக்கம் இந்த வழியில் பல வாரங்கள் திறந்து கிடந்தது. விதி எழுதிய நாளில் அது சரியாக இருந்தது. பிறகு வேகத்துக்காக முன்னால் என்ஜின்எக்ஸை வைத்த நாளில் அது பொருளிழந்துவிட்டது, விதிக் கோப்பை அன்று யாரும் திறந்து பார்க்கவில்லை. அந்த யாரும் என்பதில் நானும் அடக்கம்.

இடையாள், வருபவரின் உண்மை முகவரியைப் பெரும்பாலும் ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்’ என்ற தலைப்புவரியில் எழுதி அனுப்பும். அதைப் படித்து உண்மை முகவரியாக ஏற்க அப்பாச்சியில் ‘ரிமோட்ஐபி’ தொகுதிக்கூறும் என்ஜின்எக்ஸில் ‘ரியல்ஐபி’ தொகுதிக்கூறும் உள்ளன. ஆனால் இந்தத் தலைப்புவரி வெறும் உரை; அதை யார் வேண்டுமானாலும் தன் கோரிக்கையில் எழுதி அனுப்பலாம். டிசிபி இணைப்பின் முகவரியைப் பொய்யாக்க முடியாது என்று மேலே சொன்ன பாதுகாப்பு இதற்குக் கிடையாது. ஆகவே எந்த இடையாள் சொன்னால் நம்ப வேண்டும் என்பதையும் கூடவே எழுத வேண்டும்: அப்பாச்சியில் ‘ரிமோட்ஐபிட்ரஸ்டட்ப்ராக்ஸி’ அல்லது ‘ரிமோட்ஐபிஇன்டர்னல்ப்ராக்ஸி’, என்ஜின்எக்ஸில் ‘செட் ரியல் ஐபி ஃப்ரம்’. அப்பாச்சியில் தலைப்புவரியின் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு நம்பகமான ப்ராக்ஸிகளைக் குறிப்பிடாமல் விட்டால், அந்தத் தலைப்புவரியோடு வரும் எவரையும் அது நம்பும். அப்போது உங்கள் அலுவலக முகவரியைத் தெரிந்த எவரும், அதை ஒரு வரியில் எழுதி அனுப்பிவிட்டு உள்ளே வரலாம். இதோடு சேர்த்து, இடையாளைச் சுற்றிக்கொண்டு யாரும் நேரடியாக மூலச் சேவையகத்துக்கு வர முடியாதபடி, அதன் வலைப் போர்ட்டுகளை இடையாளின் முகவரிகளுக்கு மட்டும் தீச்சுவரில் திறந்துவையுங்கள்.

சிடிஎன் விஷயத்தில் இன்னொரு கோணமும் உண்டு. அலுவலகத்திலிருந்து ஒருவர் ‘ரிப்போர்ட்ஸ்’ கோப்புறையின் பிடிஎஃப் ஒன்றைத் திறக்கிறார். சேவையகம் அனுமதித்து அனுப்புகிறது. வழியில் சிடிஎன் அதன் நகலை எடுத்து வைத்துக்கொள்கிறது. அடுத்து வெளியாள் கேட்கும்போது சிடிஎன் உங்களிடம் கேட்காமலேயே நகலைக் கொடுத்துவிடும். அந்தப் பாதைக்குத் தேக்கத்தை, அதாவது நகலெடுத்து வைப்பதை, முற்றிலும் நிறுத்த வேண்டும், அல்லது தடையையே சிடிஎன் பக்கம் எழுத வேண்டும்.

அலுவலகத்தில் சிலருக்குத் திறக்கிறது, சிலருக்கு 403 வருகிறது, அதே நபருக்கே காலையில் திறந்தது மாலையில் மறுக்கப்படுகிறது என்று புகார் வந்தால் ஐபிவி6-ஐ, அதாவது புதிய, நீளமான வகை முகவரியை, சந்தேகியுங்கள். இணைப்பிலும் சேவையகத்திலும் ஐபிவி6 இருந்தால் உலாவி இரண்டு வழிகளையும் முயன்று பார்த்து, முந்தி அமைவதைப் பயன்படுத்தும். பெரும்பாலும் ஐபிவி6-க்கே முன்னுரிமை தரும். உங்கள் விதியில் ஐபிவி4 முகவரி மட்டும் இருந்தால் அந்தக் கோரிக்கை அந்நியருடையதாகத் தெரியும். ஐபிவி6 முகவரியைச் சேர்க்கும்போது கணினியின் முழு முகவரியைச் சேர்ப்பதிலும் பயனில்லை. தனியுரிமைக்காக இயக்குதளங்கள் தற்காலிக முகவரிகளை உருவாக்கி அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்கும். அலுவலக வலையமைப்பின் 64 பிட் முன்னொட்டை, /64 என்ற அளவோடு அனுமதிப்பதே நிற்கும். அந்த முன்னொட்டாவது நிலையானதா என்பதை ஐபிவி4-க்குக் கேட்டதைப் போலவே சேவை தருபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கோப்புறைக்குப் போகும் வழிகள். அப்பாச்சியில் ‘டைரக்டரி’ என்பது வட்டிலுள்ள கோப்புறையைக் காவல் காக்கும். ‘லொகேஷன்’ என்பது முகவரிப் பட்டையிலுள்ள பாதையைக் காவல் காக்கும். வட்டில் உண்மையாக இருக்கும் கோப்புறைக்கு லொகேஷனைப் பயன்படுத்தாதீர்கள். அதே கோப்புறை வேறொரு மாற்றுப்பெயர்ப் பாதையிலோ, அதே சேவையகத்திலுள்ள இன்னொரு தளப்பெயரிலோ திறக்கலாம். சிறிய, பெரிய எழுத்துகளை வேறுபடுத்தாத கோப்பு முறைமையில் பாதையின் ஓர் எழுத்தைப் பெரிதாக்கினாலே லொகேஷனின் கண்ணில் மண்ணைத் தூவிவிடலாம். மாறாக, உங்கள் ‘அட்மின்’ பக்கம் வட்டில் இல்லாமல், எல்லாக் கோரிக்கைகளையும் ஒரே தொடக்கக் கோப்பு வாங்கிப் பிரித்தனுப்பும் வகையிலான செயலியின் பாதையாக இருந்தால், டைரக்டரிக்கு அங்கே காக்க எதுவும் இல்லை, லொகேஷன்தான் வேண்டும். அப்படிப்பட்ட பல செயலிகளில் தொடக்கக் கோப்பின் பெயரை எழுதி, அதன் பின்னால் சாய்கோடிட்டு அட்மின் என்று சேர்த்தாலும் அதே பக்கம் திறக்கும் என்பதையும் சோதித்துப் பாருங்கள். அங்கே முகவரிச் சோதனையைச் செயலிக்குள்ளேயும் ஒருமுறை வைப்பது நல்லது.

வேர்ட்பிரஸ் தளத்தில் நிர்வாகக் கோப்புறையை மட்டும் பூட்டுவோருக்கு இரண்டு செய்திகள். உள்நுழைவுப் பக்கம் அந்தக் கோப்புறைக்கு வெளியே, தளத்தின் முதல் நிலையில் இருக்கிறது. அதைத் தனியாகப் பூட்ட வேண்டும். பொதுப் பக்கங்களும் செருகுநிரல்களும் பின்னணியில் அழைக்கும் அஜாக்ஸ் கோப்பு அந்தக் கோப்புறைக்கு உள்ளே இருக்கிறது. அதை மட்டும் எல்லோருக்கும் திறந்துவிடாவிட்டால் வாசகர்களின் படிவங்களும் வடிகட்டிகளும் சத்தமில்லாமல் நின்றுபோகும். தடை என்பது எச்டிடிபி வழியாக வருபவர்களுக்கு மட்டுமே என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்: வேறு கோப்புறையிலுள்ள ஒரு நிரல் ‘ரிப்போர்ட்ஸ்’ கோப்புகளை வட்டிலிருந்து படித்து வெளியே கொடுத்தால், உங்கள் விதிக்கு அதில் பேச்சே இல்லை.

முகவரியை மட்டும் நம்பலாமா? முகவரி இடத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. அலுவலக விருந்தினர் வைஃபையும் அதே பொது முகவரியில் வெளியே போகிறதென்றால், காத்திருப்பு அறையில் அமர்ந்திருப்பவரும் அனுமதிக்கப்பட்டவரே. அறிக்கைகளில் சம்பள விவரம் போன்றவை இருக்குமானால் கடவுச்சொல்லையும் சேர்த்துக் கேளுங்கள். அப்பாச்சியில் முகவரி வரியையும் பயனர் வரியையும் ‘ரிக்வயர்ஆல்’ தொகுதிக்குள் வைத்தால் இரண்டும் தேவை. அதே இரண்டு வரிகளை ‘ரிக்வயர்எனி’ தொகுதிக்குள் வைத்தால், அல்லது தொகுதியே இல்லாமல் விட்டால், ஏதாவது ஒன்று போதும். என்ஜின்எக்ஸில் ‘சாட்டிஸ்ஃபை ஆல்’ என்பதே இயல்பு, ‘சாட்டிஸ்ஃபை எனி’ என்பது தளர்த்தல். வீட்டிலிருந்து வேலை செய்வோர் இருந்தால் ஒவ்வொருவரின் வீட்டு முகவரியையும் சேர்த்து, மாறும்போதெல்லாம் திருத்திக்கொண்டிருப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. அவர்களை அலுவலக விபிஎன் (அலுவலக வலையமைப்புக்குள் நுழையும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக வரச் செய்தால் எல்லோரும் ஒரே முகவரியிலிருந்து வருவார்கள். அப்போது அந்தத் தளத்துக்குரிய போக்குவரத்து விபிஎன் வழியாகவே போகிறதா என்பதை மறவாமல் பாருங்கள், ஏனென்றால் அலுவலக உள்வலைக்கான போக்குவரத்தை மட்டும் விபிஎன்னில் அனுப்பிவிட்டு மற்றவற்றை வீட்டு இணைப்பிலேயே விடும் அமைப்புகள் பல உண்டு.

எழுதி முடித்ததும் சேவையகத்தை மறுஏற்றம் செய்வதற்கு முன் அமைப்பைச் சோதியுங்கள். அப்பாச்சியில் ‘கான்ஃபிக்டெஸ்ட்’, என்ஜின்எக்ஸில் சிறு கோட்டோடு ‘டி’ என்ற விருப்பம். பிறகு அலுவலகத்திலிருந்து ஒருமுறை, வைஃபையை அணைத்துவிட்டுக் கைபேசித் தரவில் ஒருமுறை எனக் கோப்புறையைத் திறந்து பாருங்கள். உலாவி பழைய பக்கத்தைத் தேக்கத்திலிருந்து காட்டி ஏமாற்றக்கூடும் என்பதால் தனிச்சாளரத்தில் திறப்பது நல்லது. கோப்புறையின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்து நின்றுவிடாமல், ஒரு படம், ஒரு பிடிஎஃப், ஒரு நிரல், உட்கோப்புறையிலுள்ள ஒரு கோப்பு என்று வகைக்கு ஒன்றாவது கேட்டுப் பாருங்கள். மறுக்கப்பட்டவருக்குக் காட்ட நீங்கள் வடிவமைத்த 403 பக்கம் பூட்டிய கோப்புறைக்குள்ளேயே இருந்தால் அதற்கும் மறுப்பு வந்து, ஒன்றுக்கு இரண்டாகப் பிழைச் செய்தி தெரியும். அதை வெளியே வையுங்கள். கோப்புறையைத் தாண்டி முழுத் தளத்தையும் பூட்டுவதாக இருந்தால், எச்டிடிபிஎஸ்ஸுக்கு இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் சான்றிதழ் புதுப்பிப்புக்கான சரிபார்ப்புப் பாதையைத் திறந்துவிட வேண்டும். அந்தச் சரிபார்ப்பு பல இடங்களிலிருந்து வரும், அதற்கான முகவரிப் பட்டியலை அவர்கள் வெளியிடுவதில்லை.

கைபேசியிலிருந்து மறுப்பு வந்த அதே நிமிடத்துக்குரிய பிழைப் பதிவைத் திறந்தால், அப்பாச்சியில் ஏஎச்01630 என்ற எண்ணோடு, சேவையக அமைப்பால் மறுக்கப்பட்டது என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அந்த வரியில் வந்தவரின் முகவரியும் வட்டிலுள்ள கோப்பின் முழுப் பாதையும் சேர்ந்தே இருக்கும். முகவரி கைபேசி இணைப்புக்குரியதாக இருந்தால் விதி சரியான இடத்தில் நிற்கிறது. அங்கே 127.0.0.1 என்றோ சிடிஎன்னின் முகவரி என்றோ தெரிந்தால், விதியைத் தொடாதீர்கள்; முதலில் ரிமோட்ஐபி அமைப்புக்குத் திரும்பிப் போங்கள்.